காலருக்காகப் பார்த்த படங்கள்

படம் பார்ப்பது சுகமான பொழுதுபோக்கு. அதையே வேலையாகச் செய்து பாருங்கள், இடைவேளை முறுக்குகூடத் தொண்டையில் இறங்காது.

பாட்டு வந்தால் எழுந்துபோய் சோடா குடித்துவிட்டு வரும் பாக்கியம் உங்களுக்கு உண்டு. எனக்குக் கிடையாது. ஏனென்றால் பாட்டில்தான் ஹீரோ சட்டை மாற்றுவார். முதல் அடிக்கு ஒன்று, இரண்டாவது அடிக்கு ஒன்று, மலை உச்சிக்கு ஒன்று, ஆற்றங்கரைக்கு ஒன்று. நான் தையல்காரன். மதுரை தெற்கு மாசி வீதியிலிருந்து உள்ளே போகிற ஒரு சந்தில், காதர் பாய் கடையில் சட்டை மெஷின் என்னுடையது. வெள்ளிக்கிழமை புதுப்படம் வந்தால் சனிக்கிழமை காலையில் துணியோடு ஆள் வந்துவிடும். "பாய், அந்தப் படத்துல போட்டிருக்கானே, அதே மாதிரி." பாய் சினிமாவே பார்க்காதவர். அது அவருடைய கொள்கை, அதில் எங்களுக்குப் பேச்சில்லை. ஆனால் பார்க்காத சட்டையை வெட்டுவது எப்படி?

ஒரு தீபாவளி முடிந்த மறுவாரம் பாய் என்னைக் கூப்பிட்டார். "முத்து, வாராவாரம் வெள்ளிக்கிழமை மேட்னி போய்ட்டு வா. டிக்கெட்டு என் செலவு. வந்து சட்டை எப்படி, பேண்ட்டு எப்படின்னு சொல்லு. உன் பேச்சை நம்பி நான் வெட்டுற துணி ஒண்ணுகூடப் பாழாகலைன்னா, அடுத்த தீபாவளி கழிச்சு உன் கையில கத்திரியைத் தர்றேன். ஒரு துணி கெட்டாலும் மெஷினோட இருந்துக்க."

எங்கள் கடையில் கத்திரி ஒன்றுதான். அதைப் பாய் தவிர வேறு ஆள் தொட முடியாது. துணியைத் தைக்கிறவன் குனிந்தே இருப்பான், வெட்டுகிறவன் நிமிர்ந்து நிற்பான். எங்கள் செல்லூர்ப் பக்கம் பெண் கேட்டுப் போனால், கட்டிங் மாஸ்டர் என்றால் காப்பி வரும்; மெஷின்காரன் என்றால் யோசித்துச் சொல்கிறோம் என்று பதில் வரும். அதனால் ஒப்புக்கொண்டேன். வெள்ளிக்கிழமை மதியம் பாய் ஜும்மா தொழுகைக்குக் கிளம்புவார். நான் தியேட்டர் வரிசைக்குக் கிளம்புவேன். இரண்டு பேருமே கடமையாகத்தான் போனோம்.

மிட்டாய்க் கடையில் வேலைக்குச் சேர்ந்து இனிப்பே பிடிக்காமல் போனவர்கள் யாராவது இதைப் படித்தால், அவர்களுக்கு என் நிலைமை புரியும். மற்றவர்கள் சிரித்துக்கொள்ளலாம்.

பாக்கெட்டு ஒன்றா, ரெண்டா?

முதல் வெள்ளிக்கிழமை பார்த்த படம் அம்மா படம். கணவன் இல்லாதவள், மாவாட்டி மகனைப் படிக்க வைக்கிறாள். மகன் பட்டணம் போய் அம்மாவை மறந்துவிடுகிறான். கடைசியில் அவள் சாகக் கிடக்கும்போது ஓடி வருகிறான். எனக்குக் கதை என்றால் சின்ன வயசிலிருந்தே பைத்தியம். எங்கள் வீட்டில் ராத்திரிச் சாப்பாடு கதையோடுதான் இறங்கும். கடைக்கு வந்ததும், "பாய், ஒரு ஊர்ல ஒரு அம்மா இருந்தாங்க" என்று ஆரம்பித்துவிட்டேன். எனக்குக் குரல் சன்னம். பாய் மேஜை மேல் ஒரு கையை ஊன்றி, காதைக் கொண்டுவந்து நீட்டிக் கேட்டார். அம்மா மாவாட்டினாள், மகன் பட்டணம் போனான், தந்தி வந்தது, அம்மா அவன் மடியில் தலையைச் சாய்த்தாள். சொல்லி முடித்து மூக்கைச் சிந்தினேன்.

பாய் அதுவரை பொறுமையாகக் கேட்டவர், என் தோளில் கையை வைத்தார். "அந்தம்மா மௌத்தானது ரொம்ப வருத்தம்தாம்ப்பா. அவன் மடியில தலையை வச்சாங்கன்னு சொன்னியே, அப்ப அவன் போட்டிருந்த சட்டைக்குப் பாக்கெட்டு ஒண்ணா, ரெண்டா?"

பக்கத்து சீட்டுக்காரர்

அதற்கப்புறம் நான் ஒரு முறையைக் கண்டுபிடித்தேன். திரையில் போய் இஞ்சு டேப் பிடிக்க முடியாது. அதனால் ஹீரோ முகத்தையே அளவுகோலாக வைத்துக்கொண்டேன். நெற்றியிலிருந்து தாடை வரை எட்டு இஞ்சு என்று வைத்துக்கொண்டால், காலர் நுனி அரை முகம் இறங்கியிருந்தால் நாலு இஞ்சு. பேண்ட்டின் அடி அகலம் ஒன்றே முக்கால் முகம் என்றால் பதினாலு, சுற்றளவு இருபத்தெட்டு. பெல்பாட்டத்துக்குச் சரியாக வந்துவிடும். கொஞ்ச நாளில் எங்கள் கடையில் இஞ்சுக் கணக்கே மறந்துபோய், "அரை முகம் வை, கால் முகம் கூட்டு" என்றுதான் பேச்சு. புதிதாக வருகிறவர்கள் பயந்துபோய்ப் பார்ப்பார்கள்.

தியேட்டரில் நான் சிகரெட் அட்டையும் பென்சிலுமாக உட்கார்ந்திருப்பேன். ஒரு படத்தில் ஹீரோவின் தங்கச்சி பிரசவத்தில் துடிக்கிறாள். ஹீரோ வராந்தாவில் இங்கும் அங்கும் நடக்கிறான். நல்ல வெளிச்சம், முழு உருவமும் தெரிகிறது. எனக்கு அதைவிட என்ன வேண்டும்? "ஒன்றே முக்கால்... பட்டன் ஆறு... கஃபுக்கு ரெண்டு" என்று முணுமுணுத்துக்கொண்டே குறித்தேன். பக்கத்தில் ஆட்டுக்கிடாய்க் கொம்பு மாதிரி மீசை வைத்த ஒருவர், துண்டை வாயில் பொத்தி அழுதுகொண்டிருந்தவர், அழுகையை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார். பிறகு கேட்டார்: "ஏப்பா, அங்க ஒரு உசுரு போவமா இருப்பமான்னு கெடக்கு. நீ பாட்டுக்கு எண்ணி எண்ணி எழுதிக்கிட்டிருக்கியே, இன்சூரன்ஸ்காரனா நீ?"

அலங்காநல்லூர் பெல்ஸ்

பொங்கலுக்கு ஒரு படம் வந்தது. அதில் ஹீரோ போட்ட பேண்ட்டின் அகலத்தைப் பார்த்து எனக்கே சந்தேகம் வந்து, இரண்டு தடவை முகத்தை வைத்து அளந்தேன். இரண்டு முகம்! சுற்றளவு முப்பத்திரண்டு. பாய் நெற்றியைச் சொறிந்தார். "இது பேண்ட்டா, ரெண்டு பாவாடையா?" ஆனாலும் அலங்காநல்லூரிலிருந்து வந்த ஒரு இளவட்டம் அதேதான் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றது. வெட்டினார். பிச்சையண்ணே தைத்தார். (பிச்சையண்ணே எங்கள் கடையின் பேண்ட் மெஷின். கொட்டாம்பட்டிக்காரர். யாரையும் எதையும் முதலில் நம்ப மாட்டார்.)

ஜல்லிக்கட்டு முடிந்த மூன்றாம் நாள் அந்த இளவட்டம் பேண்ட்டை மஞ்சப்பையில் சுருட்டிக்கொண்டு வந்தது. முழங்காலில் ஒரு முழத்துக்குக் கிழிசல். நடந்தது இதுதான்: பேண்ட்டைப் போட்டுக்கொண்டு ஜல்லிக்கட்டு பார்க்கப் போயிருக்கிறது. மாடு ஒன்று தெருவுக்குள் திரும்பிவிட்டது. எல்லாரும் ஓடினார்கள், இதுவும் ஓடியது. வலது கால் பெல் இடது காலில் சுற்றிக்கொள்ள, நடுத்தெருவில் குப்புற விழுந்தது. மாடு தாண்டிப் போய்விட்டது. என் கவலை எனக்கு. ஒரு துணி கெட்டாலும் கத்திரி கிடையாதே! பாய் என்னிடம் கேட்டார்: "முத்து, படத்துல அந்த ஆளு இந்தப் பேண்ட்டைப் போட்டுக்கிட்டு ஓடுனானா?" யோசித்துப் பார்த்தேன். "இல்ல பாய். நடந்தே வந்துதான் எல்லாரையும் அடிச்சான்." பாய் தலையாட்டினார். அளவில் பிழையில்லை, ஓடியதுதான் பிழை என்று தீர்ப்பாயிற்று. கிழிசலுக்கு உள்பக்கம் துணி வைத்துச் சும்மாவே தைத்துக் கொடுத்தார். வாங்கிக்கொண்ட இளவட்டம் படியிறங்கும்போது திரும்பி நின்றது. "மாட்டை ஒரு குத்தம் சொல்ல முடியாதுண்ணே. அது என்னைத் தொடக்கூட இல்ல. என்னை முட்டுனது உங்க பேண்ட்டுதான்."

மெஷினை நிறுத்துங்கள்

பாய்க்குக் கதை வேண்டாம். ஆனால் கதை எனக்குள் தங்காதே! சனிக்கிழமை பிச்சையண்ணனிடம் சொல்லப் பார்த்தேன். அவருடைய மெஷின் போடுகிற சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்காது. "என்னத்த மொனங்குற மாப்ள? பேசணும்னா வாயைத் திறந்து பேசு" என்று பெடலை இன்னும் வேகமாக மிதிப்பார்.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் அவர் மெஷினில் ஊசி உடைந்தது. புது ஊசி வாங்கி வரும்வரை சும்மா இருக்க மனசில்லாமல், பேண்ட் அடிமடிப்புக்குக் கையால் எம்மிங் போட உட்கார்ந்தார். கடை அமைதியாக இருந்தது. நான் சொல்ல ஆரம்பித்தேன். காட்டு பங்களா, மாடியில் பூட்டிய அறை, அதற்குள் ஒரு பெண், சாவி வில்லன் இடுப்பில். ஊசி வந்துவிட்டது. பிச்சையண்ணே அதைக் கையால்கூடத் தொடவில்லை. இரண்டு பேண்ட் முடிந்து மூன்றாவதுக்குக் கை போனது. அன்றிலிருந்து சனிக்கிழமை நாலு மணிக்கு மேல் கடையில் மெஷின் சத்தம் கிடையாது. எம்மிங், பட்டன், காஜா எல்லாம் அந்த நேரத்துக்கென்றே ஒதுங்கிவிட்டன. அந்த முதல் நாள், வில்லன் மாடிப்படி ஏறும் இடத்தில் வெளிச்சம் குறைந்ததால் நிறுத்தினேன். அடுத்து என்ன என்று சொல்ல வாயெடுத்தவனைப் பிச்சையண்ணே கையமர்த்தினார். "இரு மாப்ள. நாளைக்கு இன்னும் நாலு பேண்ட்டு மடிக்கக் கெடக்கு. அந்தப் புள்ள தப்பிச்சாளா இல்லையான்னு இன்னைக்கே சொல்லித் தொலைச்சிராத."

எல்லாரும் சாம்பல்

பங்குனியில் ஒரு கறுப்பு வெள்ளைப் படம். குறிப்புகளை ஒப்பித்தேன். காலர் அரை முகம், பாக்கெட்டு ஒன்று, பட்டன் ஐந்து. பாய் கேட்டார்: "என்ன கலரு?"

"சாம்பல், பாய்."

"பேண்ட்டு?"

"கொஞ்சம் அடர் சாம்பல்."

"அந்தப் பொண்ணு என்ன சேலை?"

"அதுவும் சாம்பல்தான் பாய். படமே கறுப்பு வெள்ளை."

பாய் சாக்கட்டியைக் கீழே வைத்தார். "என்னப்பா இது, ஊர்ல அத்தனை பேரும் ஒரே தானுத் துணியில எடுத்தாங்களா?" என்றார். கேலியா, நிஜமாகவே கேட்டாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

வேடிக்கை அதோடு முடியவில்லை. சந்துக்குள் பாத்திரக்கடை வைத்திருக்கும் ஒருவர் மறுநாளே வந்தார். கல்யாணமாகி மூன்று மாசம். மனைவியோடு அந்தப் படத்தைப் பார்த்திருக்கிறார், மனைவி ஹீரோவை ஒரு வார்த்தை நன்றாக இருக்கிறார் என்று சொல்லிவிட்டாளாம். "படத்துல எப்படித் தெரிஞ்சுதோ அப்படியே வேணும் பாய்" என்று சாம்பல் சட்டைத் துணியும் அடர் சாம்பல் பேண்ட் துணியும் தேடிப்பிடித்து எடுத்து வந்திருந்தார். அப்படியே தைத்துக் கொடுத்தோம். ஒரு வாரம் கழித்துக் கடை வழியாகப் போனவரிடம், வீட்டில் என்ன சொன்னார்கள் என்று கேட்டேன். முகம் சாம்பலைவிட அடர்த்தியாக இருந்தது. "வாசல்ல நிக்கிறேன் தம்பி, கதவைத் திறந்து பார்த்துட்டு, கொசு மருந்து அடிக்கிறவரு வந்திருக்காருன்னு எங்க அம்மாவைக் கூப்புடுறா."

முகம் சின்ன ஹீரோ

இது என்னுடைய பிழைதான், ஒப்புக்கொள்கிறேன். சித்திரையில் புதுப் பையன் ஒருவன் ஹீரோவாக வந்தான். நல்ல சுறுசுறுப்பு. அவன் சட்டைக் காலரை அளந்தால் முக்கால் முகம் வந்தது. சொன்னேன். எட்டில் முக்கால் ஆறு. பாய் என் முகத்தை ஒருமுறை பார்த்தார், நான் தைரியமாக நின்றேன், ஆறு இஞ்சுக்கு வெட்டிவிட்டார். துணி கொடுத்தவர் ஸ்கூட்டர் வைத்திருக்கிற ஒரு மருந்துக் கம்பெனி விற்பனையாளர்.

பிச்சையண்ணே ஞாயிற்றுக்கிழமை வாரப் பத்திரிகை ஒன்றில் அந்த ஹீரோவின் படத்தைப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். "இவன் மூஞ்சியே ஆழாக்குத்தானேடா! இவனைப் போயி எட்டு இஞ்சுல வச்சிருக்கியே!" பத்திரிகையைப் பிடுங்கி விரலால் அளந்து பார்த்துவிட்டுப் பதறிப்போனேன். திங்கட்கிழமை விற்பனையாளர், வாங்கிப் போன சட்டையோடு வந்து இறங்கினார். பாய் மட்டும் பதறவில்லை. சின்னதாக வெட்டியிருந்தால்தான் துணி பாழ், பெரியதைக் குறைத்துக்கொள்ளலாம். அங்கேயே காலரைப் பிரித்து நாலரைக்கு மாற்றச் சொன்னார். என் கத்திரி தப்பித்தது. அன்றிலிருந்து எந்தப் படத்துக்குப் போய்விட்டு வந்தாலும் பாயின் முதல் கேள்வி, "மூஞ்சி எம்புட்டு?" என்பதுதான். விற்பனையாளர் கோபப்படவில்லை, கன்னத்தை மட்டும் தடவிக்கொண்டார். "சட்டை நல்லாத்தான் இருக்கு பாய். ஸ்கூட்டர்ல போனா ரெண்டு காலரும் மாத்தி மாத்தி அறையுது. நான் என்ன தப்பு செஞ்சேன்?"

பிச்சையண்ணே பார்த்த படம்

ஆடி மாசம் கடையில் வேலை குறைவு. நான் சொன்ன ஒரு கதையை மூன்று சனிக்கிழமை கேட்ட பிச்சையண்ணே, மனசு தாங்காமல் கொட்டாம்பட்டியிலிருந்து அக்காளையும் பிள்ளைகளையும் வரவழைத்து அந்தப் படத்துக்கே கூட்டிப் போனார். திங்கட்கிழமை வந்தவர் என்னோடு பேசவில்லை. டீ வந்தது, பேசவில்லை. பன்னிரண்டு மணிக்கு மெஷினை நிறுத்தினார்.

"ஏன் மாப்ள, அந்தக் கெழட்டுக் காவக்காரன் ஆத்துல குதிச்சுப் புள்ளையைத் தூக்கிட்டு வருவானே, அது எங்க?"

"அது வந்து... படத்துல அவரு கரையிலதான் நிப்பாருண்ணே. ஆனா குதிச்சிருந்தா நல்லா இருக்குமேன்னு..."

"அந்தக் குதிரை?"

"குதிரை இல்லண்ணே. கார்தான்."

சொல்லும்போது எனக்கே தெரியாமல் கூடிவிடுகிறது, என்ன செய்ய? இருக்கிறதை மட்டும் சொல்லிக் கதையை நிறுத்துவது எங்கள் வீட்டில் யாருக்கும் பழக்கமில்லை. ஆனால் சட்டை விஷயத்தில் ஒரு பட்டன்கூடக் கூட்டினதில்லை என்று பாய்க்குக் கேட்கும்படி சொன்னேன். அது சத்தியம். அன்று வரைக்கும் சத்தியம். பிச்சையண்ணே நூலைக் கடித்துத் துப்பினார். "கார்ல வந்தான், கரையில நின்னான், சுபம் போட்டுட்டான். அக்கா என்னை ஏசுறா. நீ சொன்ன படம் எந்தத் தியேட்டர்ல ஓடுது மாப்ள? அதுக்கு டிக்கெட்டு எடுத்துக் குடு."

தூங்கிய வெள்ளிக்கிழமை

ஆவணியில் முகூர்த்தம் அதிகம். இரண்டு மாப்பிள்ளை வீட்டுத் துணி ஒரே வாரத்தில் வந்து, வியாழக்கிழமை விடிய விடியத் தைத்தோம். வெள்ளிக்கிழமை மேட்னியில் சீட்டில் உட்கார்ந்ததும் மின்விசிறிக் காற்று முகத்தில் பட்டது. அவ்வளவுதான் நினைவு. கண் விழித்தபோது ஜனங்கள் எழுந்து கைகளை உதறிக்கொண்டிருந்தார்கள். திரையில் சுபம். என் சிகரெட் அட்டையில் ஒரு கோடுகூட இல்லை.

மறுபடி பார்க்க மாலைக் காட்சிக்கு டிக்கெட் இல்லை, பலகை மாட்டிவிட்டார்கள். கடைக்கு நடந்தேன். உண்மையைச் சொல்லிவிடலாம் என்றுதான் நடந்தேன். ஆனால் தீபாவளிக்கு இன்னும் இரண்டே மாசம். பாய் சாக்கட்டியை எடுத்துக்கொண்டு, "சொல்லுப்பா, மூஞ்சி எம்புட்டு?" என்று கேட்டதும் வாய் தானாகப் பேசியது. முன்பக்கப் பட்டி தனியாக வைத்துத் தைத்திருக்கிறது என்றேன். மார்பில் இரண்டு பாக்கெட்டு, மூடி கூர்மையாக இறங்கும். காலர் அரை முகத்துக்குக் கொஞ்சம் குறைவு. முதுகில் தோளிலிருந்து தோளுக்கு ஒரு வளைவு, வில்லை வளைத்த மாதிரி. பாய் வளைவைச் சாக்கட்டியால் மேஜையில் போட்டுப் பார்த்தார். "நல்லா இருக்கே" என்றார். கடை வைத்து இருபது வருஷத்தில் அவர் ஒரு சட்டையை அப்படிச் சொல்லித் தான் கேட்டதில்லை என்று பிச்சையண்ணே பின்னால் சொன்னார். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

பாய் ஒன்று தைத்து வாசலில் மாட்டி, படத்தின் பெயரைக் கொட்டை எழுத்தில் அட்டையில் எழுதித் தொங்கவிட்டார். யாராவது வந்து, 'இந்தச் சட்டை படத்தில் இல்லையே' என்று கேட்பார்கள் என ஒவ்வொரு நாளும் வாசலைப் பார்த்தபடியே தைத்தேன். கேட்க வேண்டியவர்கள் கேட்கவில்லை. துணியோடு வந்து நின்றார்கள். ஒருத்தர் இரண்டு எடுத்தார். தம்பிக்கு, மச்சானுக்கு என்று கூட்டி வந்தார்கள். அந்த வருஷத் தீபாவளிக்கு அந்த ஒரு சட்டை ஓடியது போல எங்கள் கடையில் எந்தச் சட்டையும் ஓடவில்லை. வாழைக்காய் மண்டியில் வேலை பார்க்கிற ஒருவரிடம், கொஞ்சம் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு, "இது படத்துல எந்த இடத்துல வருதுண்ணே, ஞாபகம் இருக்கா?" என்று கேட்டேன். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "நீ படமே பார்க்கலையா? இன்டர்வெல் முடிஞ்சு மாடியில இருந்து இறங்கி வருவானேப்பா, அப்பத்தான். விசிலு காதைப் பிளந்துருச்சு!"

பதினோரு தடவை பார்த்தவர்

தீபாவளிக்கு நாலு நாள் இருக்கும்போது அவர் வந்தார். நாகமலை புதுக்கோட்டையில் விடுதியில் தங்கிப் படிக்கிற மாணவர். அந்த நடிகருடைய ரசிகர் என்பது சட்டைப் பையில் இருந்த படத்திலேயே தெரிந்தது. வாசலில் தொங்கிய சட்டையைப் பார்த்தார். அட்டையைப் படித்தார். மறுபடி சட்டையைப் பார்த்தார்.

"பாய், இந்தப் படத்தை நான் பதினோரு தடவை பார்த்திருக்கேன். எங்க ஆளு இதுல மொத்தம் பதினாலு சட்டை. ஒவ்வொண்ணா சொல்லுறேன், எழுதிக்கிறீங்களா? இது அதுல கிடையாது."

கடையில் மெஷின்கள் நின்றன. பிச்சையண்ணே என் காதுக்கு மட்டும், "பன்னெண்டாவது தடவையும் பார்த்துட்டு வரச் சொல்லு மாப்ள, விட்டுக்குடுக்காத" என்றார். சொல்லியிருக்கலாம். மண்டிக்காரரைக் கூப்பிட்டிருந்தால் விசிலோடு சாட்சி சொல்லியிருப்பார். ஆனால் பாய் அந்த மாணவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். ஒரு வருஷம், ஒரு படம்கூடப் பார்க்காமல், நான் முகம் என்றால் முகம், பட்டன் என்றால் பட்டன் என்று கத்திரியை ஓட்டிய மனுஷர்.

"அவரு சொல்றதுதான் சரி, பாய்" என்றேன். "அன்னைக்கு நான் தூங்கிட்டேன். சட்டையை நானாச் சொன்னேன்."

என் குரல் எப்போதும்போல் சன்னமாகத்தான் வந்தது. ஆனால் அன்று எல்லோருக்கும் கேட்டது.

பாய் வாசலுக்குப் போனார். அட்டையை அவிழ்த்து நான்காகக் கிழித்தார். சட்டையை எடுத்து வந்து, உள்ளே வெளியே புரட்டி, முதுகுப்பக்கத்தை வெளிச்சத்தில் பிடித்தார்.

"இந்த வளைவை யாருகிட்ட பார்த்த?"

"யாருகிட்டயும் இல்ல பாய்."

"ம்" என்றார். அவ்வளவுதான். சட்டையை மடித்து உள்ளே வைக்கப் போனவரை மாணவர் தடுத்தார். "அட்டையைக் கிழிச்சது நியாயம் பாய், அதுக்காகச் சட்டையை ஏன் உள்ள வைக்கிறீங்க? எனக்கு இதுல ஒண்ணு தைங்க. எங்க ஆளு போடலைன்னா என்ன, இதைப் போட்டு ஒரு போட்டோ எடுத்து அவருக்கே அனுப்புறேன், அடுத்த படத்துல போட்டுக்கட்டும்!"

கத்திரி

தீபாவளி முடிந்து கடை திறந்த முதல் நாள். நான் போய் என் மெஷினில் உட்கார்ந்து எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தேன். கத்திரியைப் பற்றிக் கேட்கும் யோக்கியதை எனக்கு இல்லை என்று முடிவு செய்திருந்தேன். பெண் வீட்டுக் காப்பி போனால் போகட்டும், பாய் போகச் சொல்லாமல் இருந்தால் போதும். பாய் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். மேஜைக்கு எதிரே போய் நின்றேன்.

"உன் பேச்சை நம்பி நான் வெட்டுனதுல ஒரு துணி பாழாகலை. அது ஒரு பக்கம். நீ எங்கிட்ட பொய் சொல்லிட்ட. இது ஒரு பக்கம். ஒரு வாரமா ரெண்டையும் வச்சுப் பார்த்துக்கிட்டே இருந்தேன்."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். மேஜையில் இரும்பு உரசும் சத்தம் கேட்டது. கத்திரி என் பக்கமாக, பிடி என்னைப் பார்த்தபடி வந்து நின்றது. அதன் பக்கத்தில் கோடு போட்ட துணி ஒரு குவியல். பிச்சையண்ணே மெஷினை மிதிப்பது போல் பாவனை செய்துகொண்டு, மிதிக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வெள்ளிக்கிழமை சினிமா இனிமே கெடையாது. இதுல பட்டாபட்டி டிராயர் முப்பது இருக்கு. எந்தப் படத்துலயும் எந்த ஹீரோவும் இதைப் போட்டுக்கிட்டு ஆட மாட்டான். யாரையும் பார்க்க வேண்டியதில்லை. கண்ணை மட்டும் தெறந்து வச்சுக்கிட்டு வெட்டு."

வருஷம் முழுக்க வெள்ளிக்கிழமைகளில் கண் கொட்டாமல் பார்த்த அத்தனை படமும் வாங்கித் தராத கத்திரியை ஒரே ஒரு குறட்டை வாங்கித் தந்தது என்பதால், தொழிலில் முன்னுக்கு வர நினைக்கும் அன்பர்கள் இதைத் தங்கள் முதலாளிகள் கண்ணில் படாமல் படித்துக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன்.